வளர்ந்துவிட்டதா என்று கேட்டவள்

கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் காசநோய்க் கிருமியைத் தேடுவது என் வேலை. வெகுகாலமாக அதைத்தான் செய்கிறேன். நோயாளிகளை நான் காண்பதில்லை. எனக்கு வருவது சளி, சீழ், முள்ளந்தண்டு நீர், சின்னச் சின்னச் சதைத் துண்டுகள். போத்தலில் ஒட்டிய காகிதத்தில் ஒரு பெயரும் பிறந்த திகதியும் இருக்கும். பெயரை வைத்து நாட்டை ஊகித்துக்கொள்வேன். சோமாலியா, எரித்திரியா, உகண்டா, கொங்கோ. இடைக்கிடை எங்களுடைய தமிழ்ப் பெயர்களும் வரும். அந்தப் போத்தல்களைக் கையில் எடுக்கும்போது, இவர்களுடைய வீட்டில் யாருக்காவது இது தெரியுமா என்று நினைப்பேன். பெரும்பாலும் தெரியாது என்றுதான் தோன்றும்.

ஆய்வுகூடத்தை விட்டு நான் வெளியே வரக் காரணமாக இருந்தது போர்மலின்.

கழுத்தில் நெறி கட்டி, அது மாதக்கணக்கில் வற்றாமல் வருகிறவர்களில் ஆபிரிக்கர்கள் நிறையப் பேர். அந்த வீக்கம் காசநோயாக இருக்கலாம். நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். எச்.ஐ.வி. காரணமாக வந்திருக்கலாம். ஒன்றுமில்லாத வீக்கமாகவும் இருக்கலாம். விரலால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தாலும் சிலவேளை காசநோயும் புற்றும் ஒரே முகத்தைத்தான் காட்டும். ஆனால் நோயாளி ஆபிரிக்கர் என்றால் பலருடைய வாயில் முதலில் வருவது காசநோய். சரியாக இருந்தால் நல்லது. பிழையாக இருந்தால் புற்று உள்ளே வளர, ஆள் வேண்டாத மருந்தை விழுங்கிக்கொண்டிருப்பார். இதைத் தீர்த்து வைக்க ஒரே வழி கிருமியை உயிரோடு வளர்த்துக் காட்டுவதுதான். ஆனால் கட்டியிலிருந்து எடுத்ததைப் பழக்கத்தில் அப்படியே, சதை கெடாமல் வைக்கிற போர்மலினில் போட்டு அனுப்பிவிடுவார்கள். போர்மலின் பட்ட கிருமி செத்துப்போகும். செத்ததை நான் வளர்ப்பது எப்படி?

எங்கள் பொறுப்பாளர் ஓர் ஐரிஷ்காரி. கடைசியில் அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமைகளில நீங்கள் கழுத்துக் கட்டி கிளினிக்கில போய் நில்லுங்கோ. ஊசி வெளியில வந்தவுடன உங்கட போத்தலுக்குள்ள கொஞ்சம் விழவேணும். அவ்வளவுதான்."

அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்குள் எல்லோரும் என் தமிழில்தான் பேசுகிறார்கள். இனி வருகிறவளும் அப்படித்தான்.

அவள் வந்தது மாரி காலத்தில் ஒரு வியாழக்கிழமை. தலையையும் கழுத்தையும் சேர்த்துப் பச்சைத் துணியொன்றைச் சுற்றியிருந்தாள். படுக்கையில் ஏறி உட்கார்ந்தவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"மரவள்ளி," என்றாள்.

அப்போதுதான் எனக்கும் பிடிபட்டது. அப்டன் பார்க் சந்தையில் மரவள்ளியும் வாழைக்காயும் கீரையும் விற்கிற கடையில் நிற்பவள். எத்தனையோ சனிக்கிழமை அவளிடம் வாங்கியிருக்கிறேன். கிழங்கை முறித்து உள்ளே வெள்ளையாக இருக்கிறதா என்று காட்டுவாள், நான் தலையாட்டுவேன். அதற்கு மேல் பேசியதில்லை.

துணியை அவிழ்த்தாள். வலப்பக்கக் கழுத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி, அதன் கீழே சின்னதாக இன்னும் இரண்டு.

"போன மாதமும் வேற இடத்தில குத்தினவை. இப்ப ஏன் திருப்பிக் குத்திறியள்?" என்று டொக்டரிடம் கேட்டாள்.

டொக்டர் இளம் பெண். பொறுமையாகச் சொன்னார். முதல் எடுத்ததில் அழற்சி மட்டும்தான் தெரிகிறது. காசநோயாக இருக்கலாம், நிணநீர்ப் புற்று இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. இந்தமுறை எடுப்பதில் ஒரு பங்கு கிருமி வளர்க்கப் போகும்.

"புற்று" என்ற சொல் விழுந்ததும் அவள் படுத்துவிட்டாள். ஊசி இறங்கியபோது அவள் கை காற்றில் தேடி என் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமான பிடி. மற்றக் கையில் உப்புநீர்ப் போத்தலைச் சரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா போன பிறகு என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. செவன் கிங்ஸில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். நான் கலியாணம் செய்யவில்லை. அதை ஒரு முடிவாக எடுத்த ஞாபகமும் இல்லை. தம்பிமாரை ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு எடுத்து முடிக்க, அந்த வயது எனக்குப் போய்விட்டிருந்தது. அம்மாவும் போனபின் வேலையால் வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றே பொறுப்பாளரிடம் போய், "அந்த நோயாளியை எனக்குத் தெரியும், சந்தையில மரவள்ளி வாங்கிறனான்," என்றேன்.

அவர் யோசித்தார். "வேலையை நீங்கள் செய்யுங்கோ. முடிவுக்குக் கையெழுத்து நான் போடுறன். ஆனா வெளியில கண்டால் முடிவைப் பற்றி ஒரு சொல் கதைக்கக்கூடாது. நல்லதெண்டாலும் கூடாது. டொக்டர்தான் சொல்லவேணும்."

"விளங்குது," என்றேன். எனக்கு அது புதிதல்ல.

அந்தச் சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். அவள் கிழங்கை நிறுத்துப் பையில் போட்டுவிட்டு, "கொஞ்சம் நில்லுங்கோ சிஸ்டர், எனக்கு இடைவேளை வருது," என்றாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் போய் இருந்தோம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

"என்ர கழுத்தில எடுத்ததை என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள்.

சொன்னேன். கிருமி விரும்புகிற சாப்பாட்டைத் தண்ணீரில் கலந்து ஒரு குழாயில் வைத்திருக்கிறோம். கழுத்தில் எடுத்ததை அதற்குள் விட்டு, உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைப்போம். பெட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மற்றக் கிருமிகள் ஓரிரவில் வளரும், இது மிகவும் சோம்பேறி, வாரக்கணக்கில் எடுக்கும்.

அவள் சிரித்தாள். "அப்ப நான் இஞ்ச வெறும் வயித்தோட நிக்கிறன், அது அங்க உங்களிட்டச் சாப்பிட்டுக்கொண்டு சூட்டில இருக்குது."

நானும் சிரித்தேன். சனிக்கிழமையில் ஒருவரோடு உட்கார்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்பது பஸ்ஸில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தேநீர்க் கடைக்குப் போனோம். அவள் உகண்டாக்காரி. இரண்டு பிள்ளைகள் கம்பாலாவில் அவளுடைய தங்கையோடு இருக்கிறார்கள். இங்கே பல பேர் சேர்ந்திருக்கிற வீட்டில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை முழுதும் தேவாலயம். கட்டியைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளோடு வீடியோவில் பேசும்போது கழுத்துத் தெரியாதபடி போனை மேலே தூக்கிப் பிடிப்பாளாம். "மகள் கேக்கிறாள், அம்மா ஏன் எப்பவும் மேலே பாத்துக்கொண்டு கதைக்கிறீங்கள் எண்டு."

"தேவாலயத்தில ஒருத்தரிட்டையும் சொல்லேலாதா?"

"கழுத்தில கட்டி எண்டால் எங்கட ஆக்கள் எச்.ஐ.வி. எண்டு முடிவுகட்டிப் போடுவினம். எனக்கு அது இல்லை, சோதிச்சாச்சு. அதுக்காக அந்தக் கடுதாசியைக் கழுத்தில கட்டிக்கொண்டு திரியேலுமே?"

"எங்கட ஆக்களும் அப்படித்தான்," என்றேன். "காசநோய் எண்டால் வாய் திறக்க மாட்டினம். பொம்பிளைப் பிள்ளை எண்டால் கலியாணம் குழம்பிப்போகும் எண்டு பயம்."

அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள். "சிஸ்டர், எது வந்தால் நல்லம்?"

"காசநோய் எண்டால் மருந்து இருக்கு. விடாமல் குடிச்சால் சுகம் வரும்."

"அப்ப அதுக்குத்தான் நான் செபிக்கவேணும்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "கடவுளே, எனக்குக் காசநோயைத் தாரும். அவருக்கும் இப்படி ஒரு செபம் புதுசாத்தான் இருக்கும்."

போகும்போதெல்லாம் ஒரே கேள்வி. "வளர்ந்திட்டுதா?" ஒவ்வொரு முறையும் நான், "அதை என்னிடம் கேக்கக்கூடாது," என்பேன். அவளுக்கும் தெரியும். அது எங்களுக்குள் பிரியும்போது சொல்லும் வணக்கம் போல ஆகிவிட்டது.

வெம்பிளியில் இருக்கிற தம்பி போன் எடுத்தான். "என்னக்கா, முந்தி மாதத்தில ஒரு சனியெண்டாலும் வருவீங்கள். இப்ப காணவே கிடைக்குதில்லை."

"ஒரு சிநேகிதியைப் பாக்கப் போறனான்."

"ஆர், எங்கட ஆக்களோ?"

"இல்லை, உகண்டா."

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. "எதுக்கும் கவனமாப் பழகுங்கோ அக்கா," என்றான். எதற்குக் கவனம் என்று நான் கேட்கவில்லை.

பெட்டியின் விளக்கு எரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. வளர்ச்சி காட்டிய குழாய்களில் அவளுடையதும் இருந்தது. அவற்றை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அந்த அறைக் காற்று வெளியே வராது. முகக்கவசமும், முதுகில் முடிச்சுப் போடுகிற அங்கியும் இல்லாமல் உள்ளே போக முடியாது. கண்ணாடித் தடுப்புக்குள் கையை விட்டு அவளுடையதில் ஒரு துளி எடுத்துத் தகட்டில் பூசினேன். சிவப்புச் சாயம், சூடு, அமிலம், பிறகு நீலம். அமிலம் மற்றவற்றின் சிவப்பையெல்லாம் கழுவிவிடும். காசநோய்க் கிருமி மட்டும் பிடித்த சிவப்பை விடாது.

தகடு காயும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாய் கலங்கியிருந்தாலும் அது வேறு ஏதாவது குப்பைக் கிருமியாக இருக்கலாம். அப்படியென்றால் இன்னொரு ஊசி, இன்னும் வாரங்கள், அந்தப் புற்று என்ற சொல் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். நுண்ணோக்கியில் குனிந்தேன். நீலத்துக்குள் சிவப்புக் குச்சிகள், ஒன்றோடு ஒன்று பின்னிக் கயிறு முறுக்கினதுபோல் கிடந்தன.

எத்தனையோ பேருடைய குழாயில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், ஐயோ பாவம் என்றுதான் தோன்றும். அன்று முதல் தடவையாக அதைக் கண்டு சந்தோஷப்பட்டேன். முகக்கவசத்துக்குள் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

பொறுப்பாளர் வந்து பார்த்தார். "ஓம், அதுதான்," என்றார். மேலே உறுதிப்படுத்தும் சோதனைக்குப் போட்டுவிட்டு டொக்டருக்குப் போன் செய்தார். டொக்டர் செவ்வாய்க்கிழமை அவளை வரச் சொல்லி நேரம் கொடுப்பதாகச் சொன்னாராம்.

மறுநாள் சனிக்கிழமை. போகாமல் விடலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் அதுவே ஒரு பதிலாகிவிடும் என்று பட்டது. போனேன்.

தேநீர்க் கடையில் இருந்தவுடனேயே சொன்னாள். "ஆஸ்பத்திரியால போன் வந்தது. செவ்வாய்க்கிழமை வரட்டாம். என்னெண்டு கேட்டால் நேரில கதைப்பமாம்." பிறகு வழக்கமான கேள்வி. "வளர்ந்திட்டுதா?"

நான் வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கவேண்டும். அது வாயில் வரவில்லை. சந்தோஷத்தை மறைக்க நான் முகத்தைக் கல்லாக வைத்திருந்தேன். அவள் பார்த்தது அந்தக் கல்லைத்தான்.

"சிஸ்டர்?"

"டொக்டர் கதைப்பார். என்னால ஒண்டும் சொல்லேலாது."

அவள் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "விளங்கிட்டுது," என்றாள். துணியை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு விளங்கியது பிழையானது. எனக்கு அது தெரிந்தது. எழுந்து பின்னால் ஓடி, பயப்படாதே, நீ செபித்ததுதான் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சந்தை நெரிசலுக்குள் அவளுடைய பச்சைத் துணி தெரிந்தது, கூப்பிடு தூரம்தான். நான் எழும்பவில்லை. எனக்கு முன்னால் இரண்டு கோப்பைத் தேநீரும் ஆறிப்போயின.

ஞாயிறு முழுக்க வீட்டைத் துப்புரவு செய்தேன். அம்மாவின் அலுமாரியைக்கூடத் திறந்து சேலைகளை வெளியே எடுத்து, திரும்ப அடுக்கினேன். அவளுடைய போன் இலக்கம் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை கடைக்கு முன்னால் போய் நின்றேன். என்னைக் கண்டதும் சாக்குகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"காசநோய்!" என்று காதுக்குள் சொன்னாள். கண் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கட்டிப்பிடித்தாள். கொத்தமல்லி வாசமும் ஈரமண் வாசமும் அடித்தது. பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் போன கிழமையே தெரியும்."

"ஓம்."

"அண்டைக்கு நான் என்ன செய்தனான் தெரியுமா? போய்த் தங்கச்சிக்குப் போன் எடுத்தன். எனக்குப் புற்றுநோய், நான் வரமாட்டன், பிள்ளைகளை நீதான் பாக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டன். அவள் குழறின குழறலில பிள்ளைகளும் ஓடிவந்திட்டுதுகள். மகள் போனைப் பறிச்சு, கழுத்தைக் காட்டு, கழுத்தைக் காட்டு எண்டு கத்தினாள். காட்டினன்."

நான் பக்கத்துச் சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப அது இல்லை எண்டு சொன்னாலும் மகள் நம்புறாள் இல்லை. என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லுறீங்கள் எண்டு சொல்லுறாள்."

"நான் சொல்லியிருந்தால் என்ர வேலை போயிருக்கும்," என்றேன். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாகக் கேட்டது!

"எனக்குத் தெரியும் சிஸ்டர். அது உங்கட வேலை. நான் கோவிக்கேல்லை." உண்மையாகவே அவள் கோபிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் கூப்பிட, போனாள்.

மருந்து தொடங்கியது. கொஞ்ச நாள் முன்போலவே இருந்தோம். சிறுநீர் தோடம்பழ நிறத்தில் செம்மஞ்சளாகப் போகிறது என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணீர்கூட மஞ்சளாம். "அழக்கூடாது, சட்டையில கறை பிடிக்கும்." முதல் வாரங்களில் வயிற்றைப் பிரட்டியது. நான் இஞ்சி போட்டுக் காய்ச்சிப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டி இடையில் கொஞ்சம் பெருத்து அவளைப் பயமுறுத்திவிட்டு, பிறகு வற்றத் தொடங்கியது.

கட்டி வற்ற வற்ற எங்கள் பேச்சும் குறைந்தது. இடைவேளை கிடைக்கவில்லை என்பாள். அல்லது கடை முதலாளி பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பாள். உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஒருநாள் அவளுடைய தேவாலயத்துத் தோழி ஒருத்தி, நல்ல உயரம், பெரிய தொப்பி, கடையில் சாய்ந்து கதைத்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் இவள் தோளில் தட்டி வணக்கம் சொன்னேன், தட்டியது கழுத்துக்குக் கிட்டே. தோழி என்னை மேலும் கீழும் பார்த்து, "இது ஆர்?" என்று கேட்டாள்.

"கஸ்டமர்," என்றாள் இவள். "மரவள்ளி வாங்கிறவ."

நிறுத்துப் பையில் போட்டுத் தந்தாள். நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மருந்து முடிந்தபோது கோடை வந்துவிட்டது. அவள் துணி சுற்றாமல் நின்றாள். கழுத்தில் ஒன்றுமில்லை, ஊசி போன இடத்தில் மங்கலான ஒரு புள்ளி. கனநாளைக்குப் பிறகு அவளாகவே தேநீர்க் கடைக்குக் கூப்பிட்டாள். ஆனால் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றோம்.

"முடிஞ்சுது சிஸ்டர். டொக்டர் இனி வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. வாற மாதம் ஊருக்குப் போறன், பிள்ளைகளைப் பாக்க."

"நல்ல சந்தோஷம்," என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும், கோவிக்காதேங்கோ. உங்களைக் காணுற நேரமெல்லாம் எனக்குக் கழுத்துக்குக் கை போகுது. நீங்கள் நல்ல மனிசி. அண்டைக்கு ஊசி குத்தேக்க நீங்கள் இல்லாட்டி நான் எழும்பி ஓடியிருப்பன். ஆனா எனக்கு இனி இந்த நோய் வந்திராதவளா இருக்க விருப்பம். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கியது. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

"விளங்குது," என்றேன். "நான் வேற இடத்தில வாங்கிறன்."

"நீங்கள் வாங்கிறதைப் பற்றிச் சொல்லேல்லை…"

"ஓம், தெரியும்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்தாள். கொஞ்ச நேரம்தான். அதன்பின் கடைக்குத் திரும்பிப் போனாள், நான் ஸ்டேஷனுக்குள் போனேன். வீட்டுப் பக்கம் போகிற ரெயில் வந்தது, அதில் ஏறவில்லை. மற்றப் பக்கத்து மேடைக்குப் போய், மாறி மாறி ஏறி, வெம்பிளிக்குப் போனேன்.

தம்பி மனைவி கதவைத் திறந்து அதிசயப்பட்டாள். "வாங்கோ மச்சாள்! சொல்லாமல் கொள்ளாமல்! சனிக்கிழமையில உங்கட உகண்டாச் சிநேகிதி விடமாட்டாளெண்டு இவர் சொல்லுவார்."

"அவளுக்குச் சுகம் வந்திட்டுது," என்றேன்.

"வருத்தமா இருந்தவளே? எங்களுக்குத் தெரியாது. அப்ப நல்லம்தானே."

"ஓம், நல்லம்," என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றினேன்.

உள்ளே பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சாப்பிட்டனீங்களோ அக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சோபாவிலிருந்த பிள்ளைகள் மூன்று பேரும் ஒரேயடியாக எழுந்து எனக்கு இடம் விட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, கையில் தந்த தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தேன். சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.